புதையல் கிடைத்த தீவும் கப்பல் கிடைத்த தீவும்

துவாலு நாட்டுக்குப் பாகப்பிரிவினையில் கிடைத்தது ஒரு கப்பல். அதன் பெயர் நிவாங்கா. பசிபிக் பெருங்கடலின் நடுவே கில்பர்ட் - எல்லிஸ் தீவுகளைப் பிரித்தானியர் ஒரே காலனியாக ஆண்டுவந்தார்கள். அதிலிருந்து பிரிந்துவிட வேண்டும் என்று, இன்று துவாலு எனப்படும் எல்லிஸ் தீவுக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் 1974 வாக்கெடுப்பில் சொன்னார்கள். பிரியலாம், ஆனால் பொதுச்சொத்தில் பங்கு கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பொதுச்சொத்தில் பெரியது பனாபா தீவில் வெட்டி எடுத்த பாஸ்பேட் தந்த வருமானம். அதில் ஒரு காசும் வராது என்று தெரிந்தே பிரிந்தார்கள். 1976 தொடக்கத்தில் தனி நிர்வாகம் வந்தது. 1978 அக்டோபர் 1 அன்று விடுதலை கிடைத்தது.

பனாபாவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் இருக்கிறது நவூரு. அங்கும் அதே பாஸ்பேட்தான். வெட்டியதும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து நடத்திய அதே பிரித்தானிய பாஸ்பேட் ஆணையம்தான். ஆனால் நவூரு 1968 ஜனவரி 31 அன்று விடுதலை பெற்றபோது புதையல் அதன் கைக்கே வந்தது. அப்போது நவூரு மக்கள் சுமார் மூவாயிரம் பேர். ஹேமர் டி ரோபர்ட் முதல் குடியரசுத் தலைவரானார். 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் விலை பேசி சுரங்க இயந்திரங்களையும் ஏற்றுதுறைகளையும் வாங்கினார்கள். 1970இல் தொழில் நவூரு மக்களின் சொந்தத் தொழிலாயிற்று. எழுபதுகளின் நடுவில், தலைக்கு இவ்வளவு வருமானம் என்று உலக நாடுகளை வரிசைப்படுத்தினால் நவூரு முதல் சில இடங்களுக்குள் வந்துவிடும்.

இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொண்டிருப்பது இந்த இரண்டு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை. ஒப்பிட ஏற்ற இணை இவை. நவூருவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர், துவாலுவின் ஒன்பது தீவுகளையும் சேர்த்தால் 26. இரண்டிலும் மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டியது. இரண்டிலும் ஆஸ்திரேலிய டாலர்தான் செல்லும் பணம். அரசியல் கட்சி என்று சொல்லத்தக்க அமைப்பு இரண்டிலும் வேர்விடவில்லை. உறவும் ஊரும் பார்த்து உறுப்பினர்கள் சேர்ந்து அரசு அமைக்கிறார்கள், பிரிந்து கவிழ்க்கிறார்கள். உயர்கல்விக்கு இரண்டும் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தையே நம்பியிருக்கின்றன. இவ்வளவு ஒற்றுமையோடு தொடங்கிய இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குப் புதையல் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. அதனால் எந்த வீட்டில் பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள் என்று கேட்கலாம்.

இன்றைய புள்ளிவிவரப்படி பதில் எளிது. தலைக்கு வருமானத்தில் நவூரு துவாலுவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீட்டுப் பட்டியலில் நெடுங்காலம் இடமில்லாதிருந்த இந்த இரு நாடுகளும் அண்மை ஆண்டுகளில் சேர்க்கப்பட்டபோது நவூரு சற்று மேலேயும் துவாலு சற்றுக் கீழேயும் நின்றன. அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் பத்தாயிரம் பேர் வாழும் நாட்டில் ஒரே ஒரு ஒப்பந்தம், ஒரே ஒரு மீன்பிடிப் பருவம் சராசரியைத் தலைகீழாக்கிவிடும். அந்த வரவு எங்கிருந்து வந்தது, யார் காலடி நிலத்தைத் தின்று வந்தது, நாளைக்கும் வருமா என்பதைச் சராசரி சொல்வதில்லை. இவ்வளவு சிறிய நாட்டில் தவறு செய்தால் திருத்திக்கொள்ள இன்னொரு மாவட்டமோ இன்னொரு ஆற்றுப்படுகையோ இல்லை. ஆகவே வாழ்க்கைத் தரம் என்ற கேள்வி அங்கே இரண்டு இடத்தில் போய் நிற்கிறது: முதலை யார் பூட்டி வைத்தார்கள், மண் இன்னும் சோறு போடுகிறதா?

நவூருவின் மண்ணிலிருந்து தொடங்கலாம்.

1899இல் சிட்னியில் பசிபிக் தீவுகள் கம்பெனியின் அலுவலகத்தில் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நவூருவிலிருந்து யாரோ கொண்டுவந்தது. கல்லாய் இறுகிய மரம் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற இளம் ஊழியருக்குச் சந்தேகம் தட்டியது. சோதித்துப் பார்த்தார். மிக உயர்ந்த தரமுள்ள பாஸ்பேட். சில ஆண்டுகளில் தீவில் மண்வெட்டி இறங்கியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் புல்வெளிகளும் கோதுமை வயல்களும் செழித்தது இந்த உரத்தால். உலகச் சந்தை விலையைவிடக் குறைவாக அந்த நாட்டு உழவர்களுக்குக் கொடுத்தார்கள். மண்ணுக்கு உரியவர்களுக்குச் சேர்ந்தது சொற்பம்.

பாஸ்பேட்டை எடுத்த பிறகு எப்படி இருக்கும் என்பதை அருகில் போய்ப் பார்த்தால்தான் புரியும். தீவின் நடுமேட்டை அங்குள்ளவர்கள் டாப்சைடு என்கிறார்கள். பவளப்பாறைத் தூண்களுக்கிடையே இடுக்கு இடுக்காகப் படிந்திருந்தது பாஸ்பேட். அதைச் சுரண்டி எடுத்ததும் தூண்கள் மட்டும் நின்றுவிட்டன. பத்து மீட்டருக்கு மேல் உயரமுள்ளவையும் உண்டு. சாம்பல் நிறம், கூர்முனை, இடையிடையே ஆள் விழுந்தால் ஏற முடியாத பள்ளம். தீவின் ஐந்தில் நான்கு பங்கு இப்படி ஆகிவிட்டது. மரம் போனதால் நிழல் போயிற்று. வெண்பாறை வெயிலை வாங்கிக் கக்குகிறது. மக்கள் கடலோர வளையத்தில் நெருங்கி வாழ்கிறார்கள். நடுவில் புவாடா ஏரியைச் சுற்றி மட்டும் கொஞ்சம் பசுமை. அந்த ஏரியில் பால்மீன் குஞ்சுகளை விட்டு வளர்த்து உண்பது நவூருவின் பழைய வழக்கம். அறுபதுகளில் திலாப்பியா மீனைக் கொண்டுவந்து விட்டதில் அதுவும் கெட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அழிவு முழுவதையும் நவூரு மக்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. சுரங்க நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடுதலைக்கு முன்பே வெட்டி முடிந்துவிட்டது. இலங்கையின் புகழ்பெற்ற சட்ட அறிஞர் கிறிஸ்டோபர் வீரமந்திரி தலைமையில் நவூரு அரசு எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. வெட்டிய நிலத்தைச் சீர்படுத்தும் பொறுப்பு அன்றைய ஆட்சி நாடுகளுக்கு உண்டு என்பது அதன் முடிவு. 1989இல் நவூரு ஆஸ்திரேலியாவை சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. வழக்கை விசாரிக்கவே முடியாது என்று ஆஸ்திரேலியா வைத்த வாதங்களில் பெரும்பாலானவற்றை 1992இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டு சமரசம்: 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பிரிட்டனும் நியூசிலாந்தும் ஆளுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் பங்கு போட்டன. பத்தாயிரம் பேர் வாழும் நாடு ஒன்று தன்னை ஆண்டவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தி நட்டஈடு வாங்கியது உலக வரலாற்றில் சிறிய செய்தியல்ல. ஆனாலும் பணம் வந்த அளவுக்கு நிலம் திரும்பி வரவில்லை.

இனி உடம்பு. 1920களில் நவூருவில் கள் இறக்கத் தடை இருந்தது. தென்னங்கள் போதைப்பொருளாகத் தெரிந்தது அதிகாரிகளுக்கு. தாய்மார்களுக்கு அதுதான் தயமின் என்ற உயிர்ச்சத்து கிடைக்கும் வழி. வாங்கித் தின்ற தீட்டிய வெள்ளரிசியில் அது இல்லை. கைக்குழந்தைகள் பெரிபெரி நோயில் மடிந்தன. ஜி. டபிள்யூ. பிரே என்ற மருத்துவ அதிகாரி காரணத்தைக் கண்டுபிடித்து, கள்ளிலிருந்து கிடைக்கும் ஈஸ்டைக் கொடுக்க வைத்த பிறகே சாவு குறைந்தது. மண்ணில் விளைந்ததை விட்டுக் கப்பலில் வந்ததைத் தின்னத் தொடங்கிய மக்களுக்கு அது முதல் எச்சரிக்கை. ஐம்பது ஆண்டு கழித்து அடுத்தது வந்தது. 1975இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பால் சிம்மெட் நவூருவில் சர்க்கரை நோய் ஆய்வு நடத்தினார். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு நோய். அதுவரை உலகம் அப்படி ஒரு விகிதத்தைப் பார்த்ததே அரிது. நாடு செல்வத்தின் உச்சியில் இருந்த ஆண்டுகள் அவை. வரி கிடையாது. மருத்துவமும் படிப்பும் இலவசம். வெட்டுகிற வேலையைக் கிரிபட்டி, துவாலு, சீனா நாட்டுத் தொழிலாளர்கள் செய்தார்கள். கடையில் அரிசியும் டப்பா இறைச்சியும் சர்க்கரைத் தண்ணீரும் கிடைத்தன. தோட்டம் போட மண் இல்லை, மீன் பிடிக்கப் போக அவசியம் இல்லை. வருமானம் உயர்ந்தும் ஆயுள் உயராத காலம் அது. கால் இழந்தவர்களும் சிறுநீரகம் கெட்டவர்களும் வீட்டுக்கு வீடு இருந்த ஒரு தலைமுறையின் துயரத்தை எந்த வருமானக் கணக்கிலும் கழிக்க வழியில்லை.

பணத்தின் கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பாஸ்பேட் ஒரு நாள் தீரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் நவூரு பாஸ்பேட் உரிமத்தொகை அறக்கட்டளை இருந்தது. உச்சத்தில் நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அதில் சேர்ந்தது. மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் 1977இல் எழுந்தது. பல விமானங்களோடு சொந்த விமான நிறுவனம் பசிபிக் முழுதும் பறந்தது, பெரும்பாலும் காலி இருக்கைகளோடு. 1993இல் லண்டனில் லியோனார்டோ டாவின்சியைப் பற்றிய ஓர் இசை நாடகத்துக்கு நவூரு பணம் போட்டது. நாடகம் சில வாரங்களில் இழுத்து மூடப்பட்டது. ஒவ்வொரு செலவையும் தனியே எடுத்து ஏளனம் செய்வது எளிது. உலகப் பத்திரிகைகள் அதைத்தான் செய்தன. அடிப்படைப் பழுது வேறு இடத்தில் இருந்தது. அறக்கட்டளையின் முதலில் கை வைக்கவும், அதை ஈடு காட்டிக் கடன் வாங்கவும் அன்றன்று ஆட்சியில் இருந்தவர்களுக்குத் தடையே இல்லை. கேள்வி கேட்கும் வெளியாள் ஒருவரும் குழுவில் இல்லை. கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கும் கட்டாயமும் நடைமுறையில் இல்லாமற்போனது.

தொண்ணூறுகளின் முடிவில் பாஸ்பேட் வற்றியது. கைக்கு வந்த எதையும் விற்கும் நிலை. ஒரே அஞ்சல் பெட்டி முகவரியில் நானூறு வங்கிகள் வரை பதிவு செய்துகொடுத்தார்கள். ரஷ்யக் கறுப்புப் பணம் அந்த வழியாக ஓடியது. சர்வதேசத் தடை வந்தது. 2004இல் மெல்பர்ன் கட்டடம் கடன்காரர்களுக்குப் போனது. 2005 டிசம்பரில் கடைசி விமானமும் பறிமுதலானது. நவூரு வங்கி முடங்கி மக்களின் சேமிப்பு மாட்டிக்கொண்டது. 2015இல் ஆஸ்திரேலிய வங்கி ஒன்றின் கிளை முகமை திறக்கும்வரை நாட்டில் வங்கியே இல்லை. சம்பளம் ரொக்கமாகக் கையில் வந்தது, கையிலேயே செலவானது.

அந்த இடைவெளியில் வந்தது முகாம். 2001 ஆகஸ்டில் டாம்பா என்ற நார்வே கப்பல் கடலில் தத்தளித்தவர்களை மீட்டு ஆஸ்திரேலியக் கரைக்கு வந்தது. ஆஸ்திரேலியா அவர்களை ஏற்காமல், பணம் கொடுத்து நவூருவில் இறக்க ஏற்பாடு செய்தது. 2008இல் மூடிய அந்த ஏற்பாட்டை 2012இல் மறுபடி திறந்தார்கள். அந்தச் செப்டம்பரில் முதலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் இலங்கையைச் சேர்ந்த ஆண்கள். ஈழத் தமிழர் பலர் நவூருவின் பெயரைக் கேட்டது அப்படித்தான். வெட்டி எடுத்த டாப்சைடு மேட்டில், நிழல் இல்லாத வெண்பாறை நடுவே, முகாமுக்கு வந்தவர்கள் கூடாரங்களில், சிலர் குழந்தைகளோடு, ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். முடிவு எப்போது என்று சொல்ல ஆளில்லை. மனநோய் பரவியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே சிகிச்சை அளித்தது. 2018 அக்டோபரில் நவூரு அரசு அந்த மருத்துவர்களை வெளியேறச் சொன்னது.

நவூரு அரசின் வரவில் இந்த முகாம் பெரும்பங்கு வகித்த ஆண்டுகள் உண்டு. தலைக்கு வருமானம் மீண்டும் ஏறியதும் அப்போதுதான். இன்னொருவர் அடைபட்டுக் கிடப்பது ஒரு நாட்டின் சராசரி வருமானத்தில் கூட்டலாகச் சேர்கிறது. வாழ்க்கைத் தரத்தை அளக்க அந்த எண்ணை மட்டும் எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

துவாலுவின் பக்கம் திரும்பினால் முதல் பத்தாண்டு பரிதாபம். அஞ்சல்தலை விற்றார்கள். அமெரிக்க வியாபாரி ஒருவரை நம்பி டெக்சாஸ் நிலத்தில் பல லட்சம் டாலர் போட்டார்கள். ஊரே கொதித்தது. 1981 தேர்தலுக்குப் பின் முதல் பிரதமர் தொவாரிப்பி லவுத்தி பதவி இழந்தார். பிரிட்டன் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் விழுந்த துண்டுக்குப் பணம் கொடுத்தது. அப்படிக் கொடுக்கிறவர் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் தலையாட்ட வேண்டும். இது எத்தனை நாளைக்கு என்று யோசித்தவர் நிதியமைச்சர் ஹென்றி நைசாலி. ஆண்டுக்காண்டு தருவதை ஒரே தவணையில் முதலாகக் கொடுத்துவிடுங்கள், வருமானத்தில் நாங்கள் பிழைத்துக்கொள்கிறோம் என்பதே அவர் முன்வைத்த யோசனையின் சாரம்.

1987இல் துவாலு அறக்கட்டளை நிதியம் பிறந்தது. தொடக்க முதல் சுமார் 2 கோடியே 71 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பெரும்பகுதியை பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் போட்டன. ஜப்பானும் தென் கொரியாவும் சிறிது கொடுத்தன. துவாலு தன் பங்குக்கு 16 லட்சம் போட்டது. விதிகள்தான் முக்கியம். முதல் வெளிநாட்டில், தொழில்முறை முதலீட்டாளர்கள் கையில் இருக்கும். ஆஸ்திரேலிய விலைவாசி ஏற ஏற, முதலின் மதிப்பும் அதற்கு ஈடாக ஏறியாக வேண்டும். அதற்கு மேல் மிஞ்சியதுதான் துவாலு அரசுக்கு. அந்த மிச்சமும் நேராகச் செலவுக்குப் போகாமல், கெட்ட ஆண்டுகளுக்கென்று இரண்டாவது கணக்கில் தங்கும். நிர்வாகக் குழுவில் பணம் கொடுத்த நாடுகளின் ஆட்களும் உட்காருவார்கள். பிரதமரே நினைத்தாலும் முதலை எடுக்க முடியாது.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது. ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு விட்டால், அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று பொறித்துவைத்தார்கள். கிழடு கழியும், குட்டி சேரும், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. நெய்தான் கோயிலுக்கு. மந்தையை ஊர்ச்சபையோ இடையர்களோ பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டார்கள். 

இருபது ஆண்டுகளில் துவாலுவின் நிதியம் பத்துக் கோடி டாலரைத் தாண்டியது. 2008 உலக நிதி நெருக்கடியில் சில ஆண்டுகள் மிச்சம் எதுவும் வரவில்லை. அப்போது இரண்டாவது கணக்கு கை கொடுத்தது. அரசு ஊழியருக்குச் சம்பளம் நிற்கவில்லை, பள்ளிக்கூடம் மூடவில்லை. வெளித்தீவுகளுக்கென்று 1999இல் தனியாக ஃபலேகவுப்புலே அறக்கட்டளையையும் வைத்தார்கள். ஃபலேகவுப்புலே என்பது தீவின் பெரியவர்கள் கூடும் பழைய ஊர்ச்சபை. 1997 சட்டம் அதற்கு ஆட்சி உரிமையும் கொடுத்திருந்தது. எந்தத் தீவுக்கு மருந்தகக் கட்டடம், எந்தத் தீவுக்குத் தண்ணீர்த் தொட்டி என்பதை அந்தச் சபை முடிவு செய்தது.

பிறகு இணையம் வந்தது. நாடுகளுக்கு எழுத்துக் குறியீடு ஒதுக்கியபோது துவாலுவுக்கு விழுந்த இரண்டு எழுத்து டிவி. தொலைக்காட்சி நிறுவனங்கள் போட்டியிட்டு வாங்கும் முகவரி அது. 2000இல் அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தம்: பன்னிரண்டு ஆண்டுகளில் 5 கோடி அமெரிக்க டாலர். அந்தப் பணம் வந்த பிறகே ஐ.நா. உறுப்பினராகும் செலவைத் துவாலுவால் தாங்க முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று 189ஆவது உறுப்பு நாடாயிற்று. தலைநகரில் சாலைக்குத் தாரும் போட்டார்கள். இது நவூருவின் பாஸ்பேட் போலவே உழைக்காமல் வந்த செல்வம்தான். வேறுபாடு, வாங்கி வைக்கப் பூட்டுள்ள பெட்டி ஏற்கெனவே தயாராக இருந்தது.

சூரை மீன் இரண்டு நாட்டுக்கும் பொது. 1982இல் நவூருவின் பெயராலேயே கையெழுத்தான உடன்படிக்கையில் இன்று எட்டுத் தீவு நாடுகள் இருக்கின்றன. இப்போது அவை மீன்பிடி நாட்களை எண்ணி விற்கின்றன. அந்நியக் கப்பல் ஒன்று அந்தக் கடலில் ஒரு நாள் வலை போடக் குறைந்தது 8,000 அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டும். தனித்தனியே பேரம் பேசி ஏமாந்த காலம் போனது. இரு நாட்டு பட்ஜெட்டிலும் இன்று உறுதியான தூண் இது.

துவாலுவில் அன்றாட வாழ்க்கை எப்படி? தலைநகர் ஃபுனாஃபுட்டியின் நடுவில் இருப்பது 1943இல் அமெரிக்கப் படை போட்ட விமான ஓடுபாதை. வாரத்துக்குச் சில விமானங்களே வரும். வருவதற்கு முன் தீயணைப்பு வண்டியின் சங்கு ஊதும், ஆட்கள் விலகுவார்கள். விமானம் போனதும் பாதை மக்களுக்குச் சொந்தம். சாயங்காலம் கைப்பந்து, கால்பந்து, ரக்பி. புழுக்கமான இரவில் பாயை விரித்துக் குடும்பத்தோடு அங்கேயே படுக்கிறார்கள். தீவில் காற்று தடையின்றி வீசும் அகன்ற இடம் அதுதான். கூட்டுறவுக் கடையை ஃபூசி என்கிறார்கள். பணம் எடுக்கும் இயந்திரம் நாட்டுக்கு முதன்முதலில் வந்தது 2025 ஏப்ரலில்தான். வெளித்தீவுகளில் காலையில் தென்னையில் இறக்கிய பதநீரைக் குழந்தைகள் குடிக்கிறார்கள். தரையைத் தோண்டி, நன்னீர் மட்டம் தொடும் குழியில் புலாக்கா என்ற பெருஞ்சேம்பை நடுகிறார்கள். இலைதழை போட்டுப் பல ஆண்டுகள் வளர்க்கும் பயிர் அது. குடும்பத்தின் மதிப்பே அந்தக் குழியில் இருக்கிறது.

இதைச் சொர்க்கமாக வரைந்தால் அது பொய். நாட்டில் பாதிப்பேருக்கு மேல் ஃபுனாஃபுட்டியில் நெருங்கிக் கிடக்கிறார்கள். போர்க்காலத்தில் ஓடுபாதைக்கு மண் எடுத்த பள்ளங்களில் எழுபது ஆண்டு உப்புநீரும் குப்பையும் தேங்கியிருந்தன. அவற்றின் விளிம்பில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். நியூசிலாந்து உதவியில் 2015இல்தான் தூர்த்தார்கள். ஆறு இல்லை, ஓடை இல்லை. கூரையில் விழும் மழைதான் குடிநீர். 2011இல் மழை பொய்த்தபோது அவசர நிலை அறிவித்து, குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். மருத்துவமனை ஒன்றே ஒன்று, இளவரசி மார்கரெட் பெயரில். அங்கே முடியாத நோயென்றால் ஃபிஜிக்கு விமானம் ஏற வேண்டும். அந்தச் செலவு அரசின் சுகாதார பட்ஜெட்டை விழுங்குகிறது. சர்க்கரை நோய் இங்கேயும் ஏறிக்கொண்டே போகிறது. வைத்துப்பு தீவின் மொட்டுஃபோவா விடுதிப் பள்ளியில் 2000ஆம் ஆண்டு தீயில் 18 மாணவிகளும் காப்பாளர் ஒருவரும் இறந்தார்கள். அவ்வளவு சிறிய நாட்டில் அந்தச் சாவு தொடாத குடும்பம் இருந்திருக்க முடியாது.

மக்கள் எண்ணிக்கையைப் பற்றிய அச்சம் நவூருவுக்கும் உண்டு. 1920 விஷக்காய்ச்சலுக்குப் பிறகு, இனம் தழைக்கக் குறைந்தது 1,500 பேர் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 1932இல் அந்த எண்ணைத் தொட்ட நாளை அங்காம் என்று கொண்டாடினார்கள். பத்தாண்டில் ஜப்பானியப் படை வந்தது. 1,200 பேரைத் துருக் தீவுக்கு வேலைக்குக் கொண்டுபோனது. 1946 ஜனவரி 31 அன்று திரும்பி வந்தவர்கள் 737 பேர். விடுதலைக்கு அந்தத் தேதியைத்தான் பின்னால் தேர்ந்தெடுத்தார்கள். 1949இல் மறுபடி 1,500. இப்படி மீண்டு வந்தவர்களிடம் அறுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்துக் கரையில் உள்ள கர்ட்டிஸ் தீவைத் தருகிறோம், குடிபெயருங்கள் என்றது. தனி நாடாக அன்று, ஆஸ்திரேலியக் குடிமக்களாக. நவூரு மறுத்துவிட்டது. அந்த மறுப்பின் பெருமையை, பின்னால் வந்த செல்வச்சீரழிவு மறைத்துவிடக் கூடாது.

துவாலுவில் இடம்பெயர்வு வேறு விதமாக நடந்தது. வைத்துப்பு மக்கள் நாற்பதுகளில் ஃபிஜியில் கியோவா என்ற தீவைத் தங்கள் பணத்தில் விலைக்கு வாங்கிச் சிலரைக் குடியேற்றினார்கள். இளைஞர்கள் அமட்டுக்கு தீவில் உள்ள கப்பல் பயிற்சிப் பள்ளியில் படித்து ஜெர்மன் சரக்குக் கப்பல்களில் வேலைக்குப் போய் வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். நவூருவின் பாஸ்பேட் குடியிருப்பில் தங்கி வெட்டியவர்களிலும் துவாலுக்காரர்கள் உண்டு. 2006இல் நவூரு கூலி கொடுக்க முடியாமல் நொடித்தபின் அவர்களையும் கிரிபட்டித் தொழிலாளர்களையும் ஊருக்கு அனுப்பி வைக்க வேண்டியதாயிற்று. புதையல் கிடைக்காதவர்கள் புதையல் கிடைத்த தீவில் கூலி வேலை செய்து, அது தீர்ந்ததும் தங்கள் சேம்புக் குழிகளுக்குத் திரும்பினார்கள்.

இப்போது அந்தக் குழிகளில் உப்பு ஏறுகிறது. துவாலுவில் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் உயரமுள்ள இடம் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடக் கடல் 15 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று நாசா கணித்திருக்கிறது. அலை அடித்துச் சேர்க்கும் பவள மணலால் 1971 முதல் 2014 வரை நாட்டின் நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியது என்று ஓர் ஆய்வு காட்டியதும் உண்மை. இரண்டும் முரண் அல்ல. கரை வளர்ந்தாலும் அடியிலிருந்து உப்பு வந்தால் சேம்பு அழுகும். பெரிய அலை நாட்களில் தண்ணீர் தரையைத் துளைத்துக்கொண்டு முற்றத்தில் ஊறும். ஃபுனாஃபுட்டியில் மணல் கொட்டி ஏழு ஹெக்டேர் புதுநிலம் 2023 முடிவுக்குள் உயர்த்தினார்கள். அதே ஆண்டு அரசியலமைப்பைத் திருத்தி, நிலம் போனாலும் துவாலு என்ற நாடு நிலைக்கும் என்று எழுதினார்கள். ஆஸ்திரேலியாவோடு ஃபலேபிலி உடன்படிக்கை 2023 நவம்பரில் கையெழுத்தாகி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியா போய் நிரந்தரமாக வாழலாம். விரும்பினால் திரும்பி வரலாம்.

நவூருவுக்கு உயர்நிலம் உண்டு. 60 மீட்டருக்கு மேல் எழும் மேடு இருக்கிறது. அது வெட்டி எடுத்த டாப்சைடு. கடலோரத்தில் வாழும் மக்களை அங்கே ஏற்ற வேண்டும் என்ற திட்டத்தை வைத்திருக்கிறார்கள். தூண்களை உடைத்துச் சமன்படுத்தி, மண் கொண்டுவந்து பரப்பினால்தான் வீடு கட்ட முடியும். பணத்துக்காக 2025இல் 1,05,000 அமெரிக்க டாலருக்குக் குடியுரிமை விற்கத் தொடங்கினார்கள். ஆனால் பணத்தைக் காக்கும் முறையில் ஒரு மாற்றம் உண்டு. 2015இல் நவூரு தலைமுறைகளுக்கான அறக்கட்டளை நிதியம் ஒன்றை வைத்தது. குழுவில் பணம் கொடுக்கும் நாடுகளின் ஆட்கள், கை வைக்க முடியாத முதல், வெளிநாட்டு முதலீடு என எல்லாம் துவாலு முன்பே செய்துகாட்டியவை. விடுதலையிலிருந்து எண்ணினால் 47 ஆண்டு தாமதம்.

துவாலுவின் அடுத்த கணக்கு வேறு. 2025 நடுவில் அந்த 280 இடங்களுக்கான ஆஸ்திரேலியக் குலுக்கலுக்கு முதன்முறை பெயர் பதியத் திறந்தபோது, குடும்பத்தினரையும் சேர்த்து நாட்டு மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பதிந்துவிட்டார்கள். ஆண்டுக்கு 280 என்றால் பத்தாண்டில் மக்கள்தொகையில் கால்பங்கு. முதலில் போகக் கூடியவர்கள் படித்தவர்கள்: ஆசிரியர், செவிலியர், கப்பல் பொறியாளர். முதலைப் பூட்டி வைக்கக் கற்ற அரசு, இந்த ஆட்களை எப்படித் தக்கவைப்பது என்பதற்கு இன்னும் விதி எழுதவில்லை. இளவரசி மார்கரெட் மருத்துவமனைக்கும் மொட்டுஃபோவா பள்ளிக்கும் சம்பளப் பணம் அறக்கட்டளையிலிருந்து வரும். வேலைக்கு ஆள் எங்கிருந்து வருவார் என்பதைத்தான் ஃபுனாஃபுட்டியில் இப்போது பேசிக்கொண்டிருக்க வேண்டும்.